இடது காதின் நுனி

சிங்கப்பூர் எல்லையின் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும், சாலையோரப் புல்வெளியில் ஒரு சேவல் மேய்ந்துகொண்டிருந்தது. செந்நிறக் கழுத்து, பச்சை வால். சுற்றிலும் வீடோ வேலியோ எதுவும் இல்லை. ரத்னவேல் காரின் வேகத்தைக் குறைத்தார்.

"யாரோட சேவல் அது?"

"எனக்கெப்படித் தெரியும்? இறங்கிப் போய்க் கேளுங்க," என்றாள் பக்கத்தில் இருந்த ரஞ்சிதம்.

"கால்ல கயிறு இல்ல. இவ்வளவு சட்டம் பேசற ஊர்ல ஒரு சேவல் சும்மா சுத்துது. யாரும் பிடிக்கல. எங்கேயோ இடிக்குது."

"நீங்க இப்படி உருட்டிட்டுப் போனா பின்னாடி வர்ற லாரிக்காரன்தான் இடிப்பான்."

பின் இருக்கையில் பெட்டிகளுக்கும் ஒரு தலையணைக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்த பவித்ரா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவுக்கு ஒரு விஷயம் இடித்துவிட்டால் அதை அவர் லேசில் விடமாட்டார். இந்தப் பயணத்தில் அவருக்கு எதுவுமே இடிக்கக் கூடாது என்று மலேசியாவின் தைப்பிங்கில் கார் கிளம்பியதிலிருந்தே அவள் வேண்டிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை அவள் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குத் தங்க ஓர் இடம் வேண்டும். மாதக்கணக்கில் தேடினாள். சில விளம்பரங்களில் இந்தியர்கள் வேண்டாம் என்றே போட்டிருந்தது. சிலர் அப்படிப் போடாமல், பெயரைக் கேட்டதும் அறை போய்விட்டது என்றார்கள். கடைசியில் கல்லூரித் தோழி ஒருத்தியின் பெரியம்மா அகப்பட்டார். அன்னம்மா என்று பெயர். ஓய்வு பெற்ற தாதி. தேக்கா சந்தையை ஒட்டிய அடுக்குமாடியில் தனியாக இருந்தார். "அம்மா அப்பாவையும் கூட்டிட்டு வா. வாரக்கடைசி இங்கயே தங்குங்க. வீடு உங்களுக்குப் பிடிக்கணும், எனக்கும் உங்களப் பிடிக்கணும்ல," என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

ரத்னவேலும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். வீட்டைப் பார்த்து அவருக்குச் சரியென்று பட்டால் மகள் அங்கே இருக்கலாம். படாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை இதே காரில், இதே பெட்டிகளோடு தைப்பிங்குக்குத் திரும்ப வேண்டியதுதான். வேறு அறையும் கிடையாது, அப்புறம் வேலையும் கிடையாது.

அவர் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பம்புகளைப் பழுது பார்ப்பவர். பம்பு எப்படித் தண்ணீரை இழுக்கிறது என்று யாராவது தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் சாப்பாட்டை மறந்து, அப்பளத்தைச் சுழல்விசிறியாகவும் ரசத்தை ஆற்றுநீராகவும் வைத்து விளக்குவார். எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. காரணம் தெரியாத சத்தத்தோடு அவரால் தூங்க முடியாது. ஆலையில் அது நல்ல குணம். குடும்பத்தோடு ஊர் சுற்றும்போது அப்படிச் சொல்வதற்கில்லை.

தேக்காவின் உணவுக்கடைகளில் சாப்பிடப் போனபோது, கூட்டத்துக்கு நடுவே ஒரு மேசை காலியாக இருந்தது. மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தது.

"யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க," என்று அதை எடுத்துக்கொண்டு ரத்னவேல் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைக்கக் கிளம்பினார். பிரியாணித் தட்டோடு வந்த ஒரு பெண் அவரை வழிமறித்தாள்.

"அங்கிள், அது என் இடம் லா."

பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனால் இடம் பிடித்ததாக அர்த்தம் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். ஊர் முழுக்க அப்படித்தானாம். வேறு மேசையில் உட்கார்ந்த பிறகும் ரத்னவேலுக்கு அது இறங்கவில்லை.

"எவனாவது அந்த பாக்கெட்டை எடுத்துப் பையில போட்டுட்டுப் போயிட்டா?"

"யாரும் எடுக்க மாட்டாங்கப்பா."

"அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

அன்னம்மாவின் கட்டடத்துக்கு வந்ததும், பெட்டிகளை இறக்கப் போன மகளை அவர் தடுத்தார். "பெட்டி கார்லயே இருக்கட்டும். முதல்ல பாப்போம்."

இந்த ஊர் அடுக்குமாடிகளில் கீழ்த்தளத்தில் வீடுகள் இருக்காது. தூண்களும் கல்மேசைகளும் காற்றும்தான். கல்யாணமோ சாவோ எல்லாம் அங்கேதான் நடக்கும். மற்ற நாட்களில் அந்த இடம் பூனைகளுக்கு. ஒரு மஞ்சள் பூனை கல்மேசையின் நட்டநடுவில் படுத்திருந்தது. ரத்னவேல் கிட்டே போனார். அது எழுந்து ஓடவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அதன் இடது காதின் நுனியைக் காணோம்.

தூணடியில் ஒரு சாம்பல் பூனை. அதற்கும் இடது காதின் நுனி இல்லை. மின்தூக்கி வாசலில் கிடந்த கறுப்புப் பூனைக்கும் அப்படியே.

"சண்டை போட்டிருக்கும்பா," என்றாள் பவித்ரா.

"கடிச்சா பிய்யும். ஓரமெல்லாம் நார் நாராக் கிழியும். இதப் பாரு, தகடு வெட்டின மாதிரி நேரா இருக்கு. கத்தரிக்கோல் வச்சு வெட்டினது. எல்லாத்துக்கும் ஒரே காது, ஒரே அளவு. யாரோ உட்கார்ந்து செய்யறான்."

"ஃபோன்ல தேடிப் பாக்கவா?"

"இதெல்லாம் செய்யறவன் ஃபோன்ல போட்டுட்டா செய்வான்?"

"காதை வெட்டி என்ன பண்ணுவான், சூப்பா வைப்பான்?" என்றாள் ரஞ்சிதம். "மேல வாங்க. அந்தக்கா காத்துக்கிட்டு இருப்பாங்க."

அன்னம்மா குட்டையான, சுறுசுறுப்பான மனுஷி. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பவித்ராவின் அறையில் நல்ல வெளிச்சம். சன்னலுக்கு வெளியே துணி காயவைக்கும் மூங்கில் கழிகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. ரத்னவேல் குழாய்களைத் திறந்து பார்த்தார். தண்ணீர் நன்றாக வந்தது. கதவுத் தாழ்ப்பாள் கச்சிதமாக விழுந்தது. பவித்ரா மூச்சு விட்டாள்.

"கீழ பூனைங்களுக்கெல்லாம் காது வெட்டியிருக்கேக்கா, ஏன்?"

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த அன்னம்மாவின் கை ஒரு கணம் நின்றது. "பூனையா? அது தெருப் பூனைங்க தம்பி. எனக்கென்ன தெரியும்." பிறகு சீனி போதுமா என்று கேட்டார்.

அவருடைய கறுப்புக் காற்சட்டையின் முழங்காலில் மஞ்சள் முடிகள் ஒட்டியிருந்தன. ரத்னவேல் அதைப் பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இன்னும் இரண்டு விஷயங்கள் அவருக்கு இடித்தன. மீன் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அன்னம்மா சொன்னார். ஆனால் அடுக்களை அலமாரியில் சார்டின் டின்கள் அடுக்கடுக்காக இருந்தன. அடுக்களையை ஒட்டிய ஸ்டோர் அறை பூட்டியிருந்தது. தனியாக இருக்கும் பெண்மணி தன் வீட்டுக்குள்ளேயே ஓர் அறையை எதற்குப் பூட்ட வேண்டும்?

"நம்மளப் பூட்டி வைக்காத வரைக்கும் சரி. படுங்க," என்றாள் ரஞ்சிதம்.

மறுநாள் காலை மூவரும் ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். காலாங் ஆற்றோரத்தில் ஒரு நீர்நாய்க் கூட்டம் கரையேறி மீன் தின்றுகொண்டிருந்தது. முள்ளை நொறுக்கும் சத்தம் கேட்கும் தூரத்தில் காலை ஓட்டக்காரர்கள் நின்று படம் எடுத்தார்கள். ஓர் உடும்பு யாரையும் சட்டை செய்யாமல் நடைபாதையைக் குறுக்கே கடந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று அதற்கு வழிவிட்டார். ரஞ்சிதம் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். ரத்னவேல் மட்டும் நீர்நாயைப் பார்க்கவில்லை. ஒரு பெஞ்சுக்கடியில் இருந்த பூனையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இடது காது. நேர்வெட்டு.

சிராங்கூனில் தேநீர் குடிக்க நிறுத்திய இடத்தில், கார்களுக்கு நடுவே இன்னொன்று. அதற்கும் அப்படியே.

"ஊர் முழுக்க இருக்கு," என்றார் காரில் ஏறியதும். "இது ஒரு ஆள் வேலை இல்ல. ஒரு கூட்டமே இருக்கு. அதுல வெட்டத் தெரிஞ்சவங்க யாரோ இருக்காங்க."

"வெட்டத் தெரிஞ்சவங்கன்னா?"

"நர்ஸு மாதிரி."

பவித்ரா கண்ணை மூடிக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டுக்குத் திரும்பியபோது அன்னம்மா சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். குளியலறையில் தண்ணீர் தேங்கியிருந்ததால், பவித்ராவிடம் ஒரு சாவியைக் கொடுத்து, ஸ்டோரில் கதவருகிலேயே துடைப்பான் இருக்கிறது, எடுத்துவிட்டுப் பூட்டிவிடு என்றார். பவித்ரா துடைப்பானை எடுத்துக்கொண்டு போனாள். சாவி கதவிலேயே இருந்தது. ரஞ்சிதம் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தாள்.

ரத்னவேல் ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்தார். பழைய துண்டுகள், முழங்கை வரை வரும் தடித்த தோல் கையுறை, அதற்குக் கீழே ஒரு துணியால் மூடிய ஏதோ ஒன்று. துணியைத் தூக்கினார்.

கம்பிக் கூண்டு.

அதன் வேலை அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ஒரு முனையில் மேலிருந்து விழும் கதவு. மறுமுனையில் தீனி வைக்கும் இடம், அதற்கு முன்னால் தரையில் ஒரு மிதிதகடு. தகட்டிலிருந்து ஒரு கம்பி கூண்டின் மேல்பக்கமாக ஓடிக் கதவைத் தூக்கிப் பிடிக்கும் கொக்கியில் முடிகிறது. தீனிக்காகப் போகும் பூனை தகட்டை மிதிக்கும். கம்பி கொக்கியை இழுக்கும். கொக்கி விலகினால் கதவு விழும். நல்ல வேலைப்பாடு. செய்தவன் கெட்டிக்காரன்தான் என்று அந்த நிலையிலும் அவர் மனசுக்குள் பாராட்டினார்.

பிறகு கொக்கியின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி உள்பக்கமாக வளைத்தார். இனி யானை மிதித்தாலும் கதவு விழாது. துணியை மூடிவிட்டு வெளியே வந்து, மகள் துடைப்பானைத் திரும்ப வைத்துப் பூட்டும்வரை கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரம். மரங்களில் மைனாக்கள் அடையும் இரைச்சலில் பேசுவது காதில் விழவில்லை. அன்னம்மா ஒரு தள்ளுவண்டியில் துணி போர்த்திய எதையோ வைத்துக்கொண்டு, "இப்ப வந்துடறேன்," என்று இறங்கிப் போனார். ரத்னவேல் வாசலை ஒட்டிய பொது நடைபாதையின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தார். அன்னம்மா கட்டடத்தின் பின்பக்கம் கூண்டை இறக்கி, உள்ளே சார்டினை வைத்துவிட்டு, ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பூனை வந்தது. அதற்கு இரண்டு காதும் முழுதாக இருந்தன. கூண்டு வாசலில் மோப்பம் பிடித்தது, பின்வாங்கியது, ஒரு சுற்று சுற்றியது, மறுபடி வந்தது. ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு மேலே கதவைப் பார்த்தது. ரத்னவேலுக்கு அந்தப் பூனையைப் பிடித்துப்போயிற்று. கடைசியில் அது உள்ளே போய், தகட்டை மிதித்து, மீனை ஒரு துணுக்கு விடாமல் தின்று, வாயை நக்கிக்கொண்டு வெளியே வந்து, நிதானமாக நடந்து போனது.

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அன்னம்மா கூண்டோடு நேராகக் கூடத்துக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பவித்ரா, ஸ்டோர்ல இத நீ தொட்டியா?"

"இல்ல ஆன்ட்டி. துடைப்பான் மட்டுந்தான் எடுத்தேன்."

"காலையில நான் சோதிச்சுப் பாத்தப்ப கதவு டக்குன்னு விழுந்துச்சு. இப்ப கொக்கி வளைஞ்சிருக்கு. தானா வளையாது. சாவி உங்கிட்டதான இருந்துச்சு?"

"எங்கிட்டதான், ஆனா..."

"தொட்டா தொட்டேன்னு சொல்லு, அது பெரிசில்ல. தொட்டுட்டு மறைக்கறவங்களோட ஒரே வீட்டுல என்னால இருக்க முடியாதும்மா. நீ வேற இடம் பாத்துக்க."

பவித்ராவின் கண்கள் நிரம்பிவிட்டன. ரஞ்சிதம் மகளைப் பார்க்கவில்லை. புருஷனின் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். அதில் துருக்கறை.

"நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லவா?"

செய்தித்தாளை மடித்து வைக்க ரத்னவேலுக்கு வெகுநேரம் பிடித்தது. "நான்தான் வளைச்சேன்," என்றார். "பிள்ளைக்குத் தெரியாது. பூனைங்களப் பிடிச்சுக் காதை வெட்டறீங்கன்னு நினைச்சேன். ஒரு கூட்டமே இருக்குன்னு நினைச்சேன்."

அன்னம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"பிடிக்கறேன்தான். காது வெட்டறதும் நிஜந்தான். கூட்டமும் இருக்கு," என்றார். "பிடிச்சு டாக்டர்கிட்ட கொண்டு போவோம். குட்டி போடாம இருக்க ஆபரேஷன். மயக்கத்துல இருக்கறப்பவே காது நுனிய எடுத்துடுவார், அதுக்குத் தெரியாது. அப்புறம் பிடிச்ச இடத்துலயே கொண்டுவந்து விட்டுடுவோம். காதைப் பாத்தா இதுக்கு ஆயிடுச்சுன்னு தூரத்துலருந்தே தெரியும். இல்லன்னா இன்னொருத்தர் மறுபடி பிடிச்சுட்டுப் போய், வயித்தைத் திறந்து பாத்துட்டு, ஐயோ ஏற்கெனவே ஆயிடுச்சேன்னு தைப்பாங்க. பாவம்ல?"

அன்னம்மா கூண்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அந்தக் கறுப்பு வெள்ளைப் பூனை குட்டி மேல குட்டி போடுது. இன்னும் பெருகுனா பக்கத்து வீட்டுக்காரங்க புகார் கொடுப்பாங்க, அதிகாரிங்க வந்து எல்லாத்தையும் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க. திங்கட்கிழமை காலையில டாக்டர் நேரம் கொடுத்திருக்கார். எத்தனை தடவை வச்சிருப்பேன், வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போகும்."

"நேத்து நான் கேட்டப்ப எனக்கென்ன தெரியும்னீங்களே அக்கா," என்றார் ரத்னவேல். தோற்றுப்போன குரலில்தான் கேட்டார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அன்னம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முன்னாடி அந்த அறையில இருந்த பொண்ணு, நான் பூனைக்காரின்னு தெரிஞ்சதும் பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுச்சு. இவளும் போயிடுவாளோன்னு பயந்தேன்." பிறகு அவர் கூண்டைத் திரும்பிப் பார்த்தார். குரல் மாறியது. "ஆனா அது உள்ள போச்சு."

"போச்சு. முழுசாத் தின்னுட்டு வந்துச்சு. மேலருந்து பாத்தேன்."

"இதுக்கு முன்னாடி ஒரு நாளும் உள்ள போனதில்ல. கதவு விழும்னு அதுக்கு எப்பவும் சந்தேகம். உங்கள மாதிரி."

"இன்னிக்கி விழல. இனி விழாதுன்னு நம்பியிருக்கும்," என்றார் ரத்னவேல் மெதுவாக.

"அப்படீன்னா நாளைக்கும் வரும்," என்றார் அன்னம்மா. "கொக்கிய நிமித்துங்க. அறையப் பத்தி நாளைக்குப் பேசுவோம்."

ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் நடக்க இடம் இருக்காது. வெளிநாட்டிலிருந்து வந்த வேலையாட்கள் வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்சைப் புல்தரையில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். இந்தக் கூட்டத்தில் பூனை வருமா என்று ரஞ்சிதம் கேட்டாள். சாப்பாட்டு நேரம் பூனைக்குத் தெரியும் என்றார் அன்னம்மா.

கல்மேசையில் கூண்டை வைத்து ரத்னவேல் கொக்கியை நிமிர்த்தினார். எண்ணெய் விடப் போனவரை அன்னம்மா தடுத்தார். வாசம் தெரிந்தால் பூனை கிட்டே வராதாம். ரத்னவேல் கம்பியின் ஆட்டத்தைச் சரிசெய்தார், கதவைப் பலமுறை விழவைத்துப் பார்த்தார், கொக்கியின் மரையை இறுக முடுக்கினார். கடைசியில் பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்த மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்து, மரையின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

"அது என்ன கோடு?" அன்னம்மாவின் குரல் கூர்மையாக வந்தது. "மறுபடியும் ஏதாவது செய்யறீங்களா?"

"இல்லக்கா. முடுக்கியாச்சுன்னு அடையாளம். ஆலையில எல்லா பம்பிலயும் போடுவேன். இல்லன்னா அடுத்து வர்றவன் தெரியாம மறுபடி முடுக்குவான், மரை..." ரத்னவேல் பாதியில் நிறுத்தினார்.

மஞ்சள் பூனை பக்கத்து மேசையில் படுத்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க," என்றாள் ரஞ்சிதம். "மரை என்ன ஆகும்?"

"கெட்டுப் போயிடும்."

"நல்லவேளை, நீங்க பெயின்ட் போடறப்ப எவனும் வந்து உங்க கையப் பிடிக்கல."

பவித்ரா சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு இரண்டு நாளில் வந்த முதல் சிரிப்பு அது.

பொழுது சாய்ந்தது. மைனாக்கள் இரைந்தன. நால்வரும் தூணுக்குப் பின்னால் நின்றார்கள். கறுப்பு வெள்ளைப் பூனை வந்தது. இன்று மோப்பம் பிடிக்கவில்லை, சுற்றிப் பார்க்கவில்லை, மேலே கதவைப் பார்க்கவும் இல்லை. தன் வீட்டுக்குள் போவதுபோல் நேராகப் போனது. ரத்னவேல் தூணை இறுகப் பிடித்துக்கொண்டார். ஓடு என்று கத்த வேண்டும்போல ஒரு நொடி இருந்தது.

கதவு விழுந்தது.

பூனை கூண்டை உலுக்கியது. அன்னம்மா ஓடிப்போய்த் துணியை மூடினார். இருட்டானதும் சத்தம் அடங்கியது. வெளியே தெரியாவிட்டால் பயம் குறையும் என்று அவர் தாழ்ந்த குரலில் விளக்கினார். ரத்னவேல் துணியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். இரண்டு கண்கள் அவரையே பார்த்தன. இரண்டு காதும் பின்னால் மடங்கியிருந்தன, இன்னும் முழுதாக.

"நாளைக்கு நல்லபடியா முடிஞ்சுடும்லக்கா?"

"முடிஞ்சுடும். வேலைக்குப் போயிட்டு வந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்றேன் உங்க பொண்ண."

ரத்னவேலுக்கு அது உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. ரஞ்சிதம் அவர் விலாவில் இடித்தாள்.

"நிக்கறீங்களே. கார்லருந்து பெட்டிய எடுத்துட்டு வாங்க."

"தலையணையும் இருக்குப்பா," என்றாள் பவித்ரா.

அவர் வேகமாக நடந்தார். பின்னாலிருந்து அன்னம்மா கூப்பிட்டார்.

"தம்பி, அறை பவித்ராவுக்குத்தான். நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாக்கலாம். ஆனா வர்றப்ப ஸ்டோர் சாவி என் இடுப்புலதான் இருக்கும்."